சதுப்பு நிலத்தில் ஆறு சிவப்பு

அத்தியாயம் 4

நேற்றுச் சாயங்காலம் லாபிஸ் ரயிலடிக் காப்பிக்கடையில், பதினோரு பேர் முன்னால் மேஜையைத் தட்டி, "குற்றவாளி உலகப்பக் கிராணிதான்" என்று அறிவித்தேன். இன்று காலை எட்டு மணிக்கு அதற்கு ஆதாரம் தேடக் கிளம்பினேன்.

"ஆளைப் பிடிச்சாச்சு. இனிமே குத்தத்தைப் பிடிச்சாப் போதும்லா," என்றாள் காளியம்மா.

காளியம்மா என் உதவியாள். இருவரும் ஒரே தோட்டத்து லயத்தில் அடுத்தடுத்த கதவுகளில் பிறந்தவர்கள். எட்டு வயதில் என்னைக் கன்னியர் மடத்துப் பள்ளிக்கு அழைத்துப் போனார்கள். அவளை ரப்பர் பால்மரக் காட்டுக்குக் கங்காணி அழைத்துப் போனான். பதினைந்து வருஷம் கழித்து நான் சிங்கப்பூரிலிருந்து ரசாயனத்தில் டிப்ளமா வாங்கிக்கொண்டு திரும்பினேன். பெண் என்றார்கள், தமிழச்சி என்றார்கள், தோட்டத்துப் பிள்ளை என்றார்கள். எல்லாமே உண்மை, மறுக்க முடியவில்லை. வேலையும் கிடைக்கவில்லை. சைக்கிள் கடை மாடியில் 'தனலெட்சுமி துப்பறியும் நிலையம்' என்று பலகை மாட்டினேன். ஆறு மாதத்தில் கண்டுபிடித்தது ஒரே ஒரு ஆடு. அதுவும் நான் காட்டில் தேடிக்கொண்டிருந்தபோது பட்டியில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.

இப்போது வந்திருப்பது நிஜமான வழக்கு.

இது 1933, மலாயா. ரப்பர் விலை படுத்ததில் சுற்றுவட்டாரத்து ஆறு தோட்டங்கள் ஆட்களை வெளியே தள்ளின. ஊருக்குக் கப்பல் ஏறமாட்டோம் என்று இருபத்திரண்டு குடும்பங்கள் ரயில் பாதை ஓரத்தில் குடிசை போட்டு உட்கார்ந்துவிட்டன. பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கும் சதுப்பு நிலத்தைத் தங்களுக்குத் தரச் சொல்லி, அவர்களின் தலைவர் சின்னத்தம்பி நில ஆபீசுக்கு மனுப் போட்டார்.

மண்ணைப் பிரித்துக் கொடுப்பதில் நில ஆபீசுக்கு ஒரு முறை உண்டு. செம்மண் மேடு என்றால் பால்மரமும் நிற்கும், கட்டடமும் நிற்கும், அது துரைமார்களுக்கு. களிமண் பள்ளம் என்றால் நெல். அது கம்பம் என்கிற கிராமங்களில் இருக்கும் மலாய்க்காரர்களுக்கு. இலையும் வேரும் மக்கிக் கறுப்பாக ஊறிக் கிடக்கும் சதுப்பு என்றால் ஆணிவேர் பிடிக்காது. பால்மரம் பத்து வருஷத்தில் சாய்ந்துவிடும், வீடு கட்டினால் கீழே இறங்கிவிடும். வாய்க்கால் வெட்டி நீரை வடித்தால் அன்னாசியும் சேப்பங்கிழங்கும் வரும், அவ்வளவுதான். அதைக் கூலிக்காரர்களுக்குக் கொடுக்கலாம். ஆக, வேறு யாருக்கும் உதவாது என்ற ஒரே காரணத்தால்தான் அந்த மண் எங்கள் ஆட்களுக்குக் கிடைப்பதாக இருந்தது.

போன மாதம் நில ஆபீஸ் அதிகாரி என்சே யூசோப் தனியாக வந்து நிலத்தைத் தோண்டி, ஒரு ரொட்டி டின் நிறைய மண் எடுத்துப் போனார். மண் சிவப்பு. 'தானா மேரா, செம்மண், ரப்பருக்கு ஏற்றது' என்று எழுதிவிட்டார். மனு கவிழ்ந்தது. பக்கத்துத் தோட்டம் உடனே அந்த நிலத்தைத் தனக்குக் கேட்டது. இன்று மூன்று மணிக்கு என்சே யூசோப் நிலத்துக்கே வந்து கடைசி முடிவு சொல்வார். நிலம் கைவிட்டுப் போனால் குடிசைகளைப் பிரித்துப் போடுவார்கள்; இருபத்திரண்டு குடும்பமும் அடுத்த கப்பலில் நாகப்பட்டணம்.

செம்மண் அங்கே எப்படி வந்தது என்று கண்டுபிடிக்கச் சொல்லிச் சின்னத்தம்பி என்னிடம் வந்தார். தன் கட்சிக்காரனின் நிலம் மோசமானது என்று நிரூபிக்கத் தவித்த துப்பறிகிறவள் அநேகமாக நான் ஒருத்திதான்.

சதுப்புக்குள் செம்மண் எப்படி வரும்? யாரோ கொண்டுவந்து கொட்டினால்தான் வரும். யாருக்கு ஆதாயம்? பக்கத்துத் தோட்டத்துக்கு. அந்தத் தோட்டத்தில் வாத்தியார் வேலை கேட்டுப் போன என்னை, "பேனா பிடிக்கிற கையா, பால்வெட்டு உளி பிடிக்கிற கையா, நீட்டு பார்ப்போம்" என்று கேட்ட தோட்டத்துக் குமாஸ்தா, அந்தக் கிராணி யார்? உலகப்பன். என் துப்பறிதல் இவ்வளவுதான். மிச்சத்துக்கு மேஜையைத் தட்டினேன்.

*

என்சே யூசோப் ரெஸ்ட் ஹவுஸில் தங்கியிருந்தார். செருப்பில்லாதவர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை என்று காளியம்மாவை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். நான் அவளுக்காகச் சண்டை போட்டேன். "சண்டைய அப்புறம் போடு தனம், டின்னைப் பாரு போ," என்று அவளே என்னை உள்ளே தள்ளினாள்.

என்சே யூசோப் மரியாதையான மனிதர். வெள்ளை உடுப்பு, வெள்ளைச் சப்பாத்து. டின்னைத் திறந்து மேஜைமேல் வைத்துவிட்டு, தொடாமல் பார்க்கலாம் என்று மலாயில் சொன்னார்.

"எந்த இடத்தில் எடுத்தீர்கள், துவான்?"

"நிலத்தில்தான். மழை பெய்திருந்தது. கால் நனையாமல் நிற்க முடிந்த இடத்தில் நின்று தோண்டினேன்."

புத்தியுள்ள எவளும் அந்தப் பதிலுக்குப் பிறகு இன்னொரு கேள்வி கேட்டிருப்பாள். நான் பூதக்கண்ணாடியை எடுத்தேன். சிங்கப்பூரில் வாங்கியது, தந்தக் கைப்பிடி. அது கையில் இருந்தால் எனக்கு வாய் வேலை செய்யாது.

பார்த்ததை எல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டு வெளியே வந்தேன்.

"என்ன இருந்துச்சு?" என்றாள் காளியம்மா.

"ஒரு மண் இல்லை, ஆறு மண். ஒன்று செங்கல் சிவப்பு, ஒன்று மஞ்சள் கலந்தது, ஒன்றில் மணிமணியாகச் சரளைக்கல். ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்து மண். கூடவே கொஞ்சம் தாவர நார், இரும்புத் துருப் படிவு, புளிப்புப் பழம் ஒன்றின் தோல்."

"இதுக்கு என்ன அர்த்தம்?"

"குற்றவாளி தந்திரசாலி. ஒரே இடத்தில் மண் எடுத்தால் மாட்டிக்கொள்வோம் என்று ஆறு இடத்தில் எடுத்திருக்கிறான். துரு, மண்வெட்டியிலிருந்து உதிர்ந்தது. நார், சாக்கிலிருந்து. பழத்தோல் எலுமிச்சை. உலகப்பக் கிராணி நாள் முழுக்க என்ன குடிப்பார் தெரியுமா? எலுமிச்சை பிழிந்த தேநீர்!"

காளியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்ப லாபிஸ்ல ரசம் வச்ச அத்தனை பேரையும் பிடிச்சு உள்ளே போடு," என்றாள்.

*

தோட்டத்து ஆபீசில் உலகப்பக் கிராணி மேஜைக்குப் பின்னால் இருந்தார். முன்னால் எலுமிச்சைத் தேநீர். காளியம்மாவைப் பார்த்து நான் கண்ணைக் காட்டினேன். அவள் பார்க்காத மாதிரி கூரையைப் பார்த்தாள்.

"வாம்மா. காப்பிக்கடையில் எனக்குத் தீர்ப்பு சொன்னியாமே. ஆயுள் தண்டனையா, தூக்கா?"

"செம்மண் எங்கிருந்து எடுத்தீங்க, கிராணியாரே?"

"எந்தச் செம்மண்?"

"சதுப்பில் கொட்டினது."

"நான் பென்சிலை அஞ்சு நிமிஷம் பிடிச்சாலே தோள் வலிக்கிற ஆள். கூடை தூக்குவேனா?"

"ஆளை விட்டுத் தூக்கச் சொல்லியிருப்பீங்க."

"எந்த ஆளை? கூடுதலா இருந்த ஆளையெல்லாம்தான் நிறுத்தியாச்சே. நான்தானே பட்டியல் எழுதினேன்." அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். மேஜையைப் பிடுங்கி அவர்மேல் போடலாம் போல இருந்தது. மேஜை தேக்கு.

அப்போதுதான் மூலையில் கிடந்த பூட்சுகளைப் பார்த்தேன். முழங்கால் வரைக்கும் கறுப்புச் சேறு காய்ந்திருந்தது.

"ஆகா! இது சதுப்புச் சேறு. நீங்க அங்கே போயிருக்கீங்க!"

"போனேன். நேத்து. காப்பிக்கடையில நீ போட்ட கூச்சலைக் கேட்டுட்டு, அப்படி என்னதான் இருக்குன்னு பார்க்கப் போனேன். ரெண்டாவது அடியிலேயே இறங்கிட்டேன். நாலு பேர் வந்து இழுத்தாங்க."

"அப்போ அது செம்மண் இல்லைன்னு உங்களுக்குத் தெரியும்!"

"அரசாங்கம் செம்மண்ணுன்னு எழுதியிருக்கு. நான் அரசாங்கத்தை நம்புறவன்." தேநீரை ஒரு வாய் குடித்தார். "இங்க பாரு. அது சதுப்போ மேடோ, எனக்கு ஒண்ணுதான். தோட்டங்கள்ல பேர் வெட்டின இருபத்திரண்டு குடும்பம் என் வேலிக்குப் பக்கத்துல உக்காந்து நல்லா இருக்கக் கூடாது. உள்ளே இருக்கிறவன் எட்டிப் பார்ப்பான். அவ்வளவுதான் விஷயம்."

"கிராணியய்யா," என்று காளியம்மா முதன்முறையாக வாயைத் திறந்தாள். "உங்க தோட்டத்துல எத்தனை விதமான செம்மண்ணு இருக்கு?"

"மண்ணுல என்ன விதம்? இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரே சிவப்பு."

காளியம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"பூட்ஸைப் பார்த்தியா? முழுக்கக் கறுப்பு. செம்மண்ணு சுமந்தவன் கால்ல செம்மண்ணு ஒரு பொட்டுகூட இல்ல. அவன் தோட்டத்துல ஒரே சிவப்பு, டின்னுல ஆறு. அவன் கொட்டல தனம்."

"அவன் அயோக்கியன்!"

"அதுல சந்தேகமே இல்ல. ஆனா இந்த அயோக்கியத்தனம் அவன் பண்ணல."

மணி பதினொன்று. என் குற்றவாளி நிரபராதி. என் வழக்கில் மிச்சம் இருந்தது ஒரு பூதக்கண்ணாடி.

*

ரயில் பாதை வழியாகக் குடிசைகளை நோக்கி நடந்தோம். சல்லிக்கல் சூட்டில் காளியம்மா வெறுங்காலோடு நடந்தாள். நான் சப்பாத்துப் போட்டுக்கொண்டு தடுக்கினேன்.

"அந்த டின்னை இன்னொரு தடவை சொல்லு. நோட்டுல எழுதுனதைச் சொல்லாத. கண்ணு பார்த்ததைச் சொல்லு," என்றாள்.

"அதான் சொன்னேனே. தாவர நார்..."

"என்ன நிறம்?"

"மஞ்சள்."

"சாக்கு நூல் மஞ்சளாவா இருக்கும்? முடிச்சு போட்டிருந்துச்சா?"

யோசித்தேன். "ஆமாம். மூணு முடிச்சு."

அவள் நடையை நிறுத்தினாள்.

"எலுமிச்சம்பழம். பிழிஞ்சு போட்டதா?"

"இல்லை, பிழியலை. சரிபாதியா அறுத்திருந்தது."

"அறுத்த பக்கம் என்ன இருந்துச்சு?"

"அதிலேதான் இரும்புத் துரு. நல்ல சிவப்பா..." சொல்லிக்கொண்டே வந்த என் வாய் பாதியில் நின்றது.

காளியம்மா தண்டவாளத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரித்த சிரிப்பில் பக்கத்துப் புதரிலிருந்து மைனா கிளம்பிப் பறந்தது.

"இரும்புத் துருவா! அடியே, குங்குமம்டி! அறுத்த எலுமிச்சம்பழத்துல குங்குமம்! மஞ்சக் கயிறு! உனக்கு எத்தனை தடவை சுத்திப் போட்டிருப்பாங்க!"

எட்டு வயது வரைக்கும் நெற்றியில் வைத்துக்கொண்டதைப் பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்து, துரு என்று நோட்டில் எழுதியிருக்கிறேன். இந்தப் படிப்புக்காக என் அம்மா பதினைந்து வருஷம் பால் வாளி தூக்கினாள்.

"ஆறு தோட்டத்து ஆளுங்க," என்றாள் காளியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஆறு சிவப்பு. இப்பவாச்சும் வெளங்குதா?"

விளங்கியது. பிடிமண்.

புது இடத்தில் சாமியை வைக்க வேண்டுமானால் பழைய கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துவந்து அங்கே போடுவார்கள். அந்த ஒரு பிடிதான் சாமி வரும் வழி. ஊரிலிருந்து கப்பலில் வந்த நம் ஆட்கள் மடியில் முடிந்து கொண்டுவந்தது அதைத்தான். தோட்டம் மாறினாலும் அதைத்தான் கொண்டுபோவார்கள்.

"ஆனா அது ஒரு பிடிதானே?" என்றேன். "டின் நிறைய எப்படி?"

"அதை அவங்ககிட்டயே கேளு."

*

சின்னத்தம்பி குடிசை வாசலில் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு தயாராக நின்றார். அவர் மனைவி ராசம்மா கைச் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"கிராணியைப் பிடிச்சிட்டியா தாயி?"

"அண்ணே, சதுப்புல யார் மண் கொட்டினாங்க?"

"அதைக் கண்டுபிடிக்கத்தானே உன்கிட்ட வந்தோம்."

"நீங்க கொட்டலையா?"

"நாங்க எதுக்குத் தாயி மண்ணு கொட்டப் போறோம்?"

காளியம்மா குறுக்கே வந்தாள். "பிடிமண்ணு போட்டீங்களா அண்ணே?"

"பிடிமண்ணு போட்டோம்," என்றார் சின்னத்தம்பி, அது வேறு பேச்சு என்பது போல.

"அது மண்ணு இல்லையா?"

"அது எப்படிம்மா மண்ணாகும்? அது ஆத்தா."

நான் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தேன். அவர் ஏமாற்றவில்லை. செம்மண் கொட்டியது யார் என்று ஒரு மாதமாக அவரும் உண்மையாகவே தேடியிருக்கிறார்.

நடந்தது இது. மனுப் போட்ட வாரமே, நிலம் கிடைக்கும் முன்பே சாமியைக் கூப்பிட்டுவிட வேண்டும் என்று முடிவாகியிருக்கிறது. சதுப்புக்குள் போகும் பழைய மரக்கட்டைப் பாதை முடியும் இடத்தில் ஆறு தோட்டத்துக்காரர்களும் ஆளுக்கு ஒரு பிடி போட்டார்கள். மாரியம்மன் மண், முனியாண்டி மண், மதுரைவீரன் மண். மறுநாள் பார்த்தால் ஒன்றுமே இல்லை. சதுப்பு விழுங்கிவிட்டது.

"சகுனம் சரியில்லைன்னு பயந்துட்டோம் தாயி. அடுத்த வெள்ளிக்கிழமை கூடையில கொண்டுபோனோம். அதுவும் இறங்கிருச்சு. அப்புறம் முனியாண்டி மண்ணு மட்டும் மேல தெரியுதுன்னு அந்தத் தோட்டத்துக்காரங்க பெருமை பேசுனாங்க. நாங்க விடுவோமா? சாக்குல கொண்டுபோனோம்."

"எத்தனை வெள்ளிக்கிழமை?"

"பன்னெண்டு."

இருபத்திரண்டு குடும்பம், பன்னிரண்டு வெள்ளிக்கிழமை, போட்டி போட்டுக்கொண்டு. அந்தச் சதுப்பு முழுவதிலும் கால் நனையாமல் நிற்க முடிகிற ஒரே இடத்தை உண்டாக்கிவிட்டார்கள். வெள்ளைச் சப்பாத்துக்காரர் வேறு எங்கே நிற்பார்?

"சரி," என்றேன். "இதை அப்படியே அதிகாரிகிட்ட சொல்லிடலாம்."

"ஐயோ, வேணாம்!" சின்னத்தம்பி பதறினார். ஆபீசில் ஒட்டியிருந்த நோட்டீசின் நகலை மடியிலிருந்து எடுத்தார். அனுமதிக்கு முன் நிலத்தில் நுழைபவர்களின் மனு தள்ளப்படும் என்று யாரோ அவருக்குப் படித்துச் சொல்லியிருக்கிறார்கள். "நாங்க உள்ளே போனது தெரிஞ்சா முடிஞ்சுது. கிராணி மேலயே இருக்கட்டும் தாயி. ஊரே நம்பிருச்சு. நீதானே சொன்ன!"

உண்மையைச் சொன்னால் நிலம் போகும். சொல்லாவிட்டாலும் செம்மண் என்று போகும். பிழைக்க ஒரே வழி, நேற்று நான் அவசரத்தில் சொன்ன பொய்.

வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. பட்டியல் எழுதிய அந்தக் கை ஒரு நாளாவது நடுங்கட்டும் என்று தோன்றியது. நோட்டீசை வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். ராசம்மா கையைத் துடைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

*

மூன்று மணிக்கு என்சே யூசோப் வந்தார். தோட்டத்தின் சார்பில் உலகப்பக் கிராணி, புது பூட்சோடு. கட்டைப் பாதை வழியாக வரிசையாகப் போனோம். இருபத்திரண்டு குடும்பமும் பாதைமேல் நின்றது. அதிகாரி நேராகச் செம்மண் திட்டில் ஏறி நின்றார். இரண்டு கட்டில் அகலத்துக்கு அது கெட்டியாக, சிவப்பாக, அழகாக இருந்தது. சுற்றிலும் கறுப்பு நீர்.

"துவான், இந்த இடத்தில் ஆழமாகத் துளைத்துப் பாருங்கள்," என்றேன்.

ஆள் ஒருவன் துளைக்கம்பியை இறக்கினான். முழங்கை ஆழம்வரை சிவப்பு. அதற்குக் கீழே கறுப்பு. இன்னும் கீழே கறுப்பு. கம்பி முடியும்வரை கறுப்பு.

"இது கொண்டுவந்து கொட்டியது," என்றார் என்சே யூசோப். முகம் மாறிவிட்டது. "யார் கொட்டியது?"

உலகப்பக் கிராணி என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் முதன்முறையாகப் பயத்தைக் கண்டேன். ஊர் முழுக்கப் பரவிய பேச்சு, தோட்டத்துக்கு ஆதாயம், காய்ந்த சேற்றோடு ஆபீசில் கிடக்கும் பூட்ஸ். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

வாயைத் திறந்தேன்.

"நாங்கதான் கொட்டுனோம்," என்றார் ராசம்மா.

எல்லோரும் திரும்பினார்கள். சின்னத்தம்பி தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"பாப்பா, துரைக்குச் சொல்லு. இது எங்க ஆத்தா மண்ணு. என் தலையில சுமந்து வந்தது. இதை இந்த ஆளு கொட்டுனான்னு சொல்லி நிலம் வாங்க மாட்டேன். நிலம் இல்லாம இருந்திருக்கோம். ஆத்தாளை இவன் கையில குடுத்துட்டு இருந்ததில்ல."

மலாயில் சொன்னேன். கிராணியைக் குற்றம் சாட்டியது என் தவறு என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அந்த வாக்கியத்துக்கு மலாயில் வார்த்தை தேட வெகுநேரம் ஆயிற்று.

உலகப்பக் கிராணிக்கு உயிர் வந்துவிட்டது. "அனுமதிக்கு முன்னால் உள்ளே நுழைந்திருக்கிறார்கள், துவான். நோட்டீஸ்படி மனு செல்லாது."

என்சே யூசோப் மெதுவாகத் தலையாட்டினார். "விதி அப்படித்தான் இருக்கிறது."

பின்னால் யாரோ ஒரு பெண் அழ ஆரம்பித்தாள். நான் நோட்டீசை எடுத்தேன். பதினைந்து வருஷப் படிப்பு. துருவையும் குங்குமத்தையும் பிரிக்கத் தெரியாத படிப்பு. ஆனால் ஒரு தாளைக் கடைசி வரிவரை படிக்கத் தெரியும். அதுவரை யாரும், நான் உட்பட, படித்திருக்கவில்லை.

"துவான், இதில் வெறுமனே 'நுழைந்தால்' என்று இல்லை. 'நுழைந்து மரம் வெட்டினாலோ, நிலத்தைத் தோண்டினாலோ, பயிர் வைத்தாலோ, கட்டடம் எழுப்பினாலோ' என்று இருக்கிறது. இவர்கள் எதை வெட்டினார்கள்? எதைக் கட்டினார்கள்?"

"சாமி வச்சிருப்பாங்க, அது கட்டடம்தான்!" என்றார் கிராணி.

"எங்கே இருக்கு சாமி? காட்டுங்க."

தேடினார். ஒரு கல்கூட இல்லை.

சின்னத்தம்பி தலையைச் சொறிந்தார். "எந்த சாமியை முன்னால வைக்கிறதுன்னு இன்னும் பேசி முடியல துரை."

நான் அதை மொழிபெயர்த்தபோது என்சே யூசோப்பின் மீசை ஆடியது. "ஆக, இவர்கள் அரசாங்க நிலத்திலிருந்து எதையும் எடுக்கவில்லை. அரசாங்கத்துக்கு மண் கொடுத்திருக்கிறார்கள்."

"பன்னிரண்டு வாரமாக, துவான்."

அவர் யோசித்தார். பிறகு மண்ணின் மிச்சக் கதையைத் தானே பார்க்க நினைத்தோ என்னவோ, திட்டை விட்டு ஒரு காலைக் கீழே வைத்தார். 'வேண்டாம்' என்று சொல்வதற்குள் அந்தக் கால் தொடைவரை போய்விட்டது. மற்ற காலும் கூடவே போயிற்று. நான்கு பேர் ஓடினார்கள். அவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

"முதலில் என் அறிக்கைத் தாளைக் கொடுங்கள்," என்றார்.

இடுப்புவரை கறுப்புச் சேற்றில் நின்றுகொண்டே செம்மண் என்ற சொல்லை அடித்தார். 'ஆழ்ந்த சதுப்பு. ரப்பருக்கும் கட்டடத்துக்கும் ஏற்றதல்ல. மனு ஏற்கப்பட்டது' என்று எழுதினார். கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புக் கட்டைவிரல் தானாகப் பதிந்தது. அதற்குப் பிறகுதான் இழுக்கவிட்டார். சப்பாத்துகள் திரும்பி வரவில்லை.

உலகப்பக் கிராணி யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கட்டைப் பாதையில் நடந்து போனார். அவருக்காக என் தவறை எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டதுதான் எனக்கு இன்னும் கசக்கிறது.

ஆட்கள் கூச்சல் போட்டுக்கொண்டு மண்வெட்டிகளை எடுக்க ஓடினார்கள். நான் ராசம்மாவிடம் போனேன். எனக்குக் கண் கலங்கியிருந்தது.

"அக்கா, எல்லாம் போயிடும்னு தெரிஞ்சும் ஆத்தாவுக்காகச் சொன்னீங்களே..."

"ஆத்தாவுக்காகத்தான். பாதிக்குப் பாதி."

"மீதிப் பாதி?"

"நீ வாயைத் திறந்தியே பாப்பா, உன் மூஞ்சியப் பார்த்தேன். பொய் சொல்லப் போறேன்னு தமுக்கடிச்ச மாதிரி இருந்துச்சு. உனக்கு வராது. ரெண்டாவது கேள்வியிலேயே அந்த ஆளு பிடிச்சிருப்பாரு. பிடிபட்டுச் சாகிறதுக்கு நாமளே சொல்லிச் சாகலாம்னு நெனச்சேன்."

காளியம்மா எனக்குப் பின்னால் நின்று சத்தமில்லாமல் குலுங்கிக்கொண்டிருந்தாள்.

ராசம்மா ஒரு மண்வெட்டியை என் கையில் திணித்தார். "சும்மா நிக்காத. இதைப் பத்திதானே படிச்சிருக்க. வாய்க்காலை எந்தப் பக்கம் வெட்டணும்? தண்ணி எங்கிட்டு ஓடும்?"

இந்த ஒரு கேள்விக்காவது எனக்குப் பதில் தெரியும். சரிவைப் பார்த்தேன், ஆற்றின் திசையை மனதில் கணக்கிட்டேன், நிமிர்ந்து நின்று கையை நீட்டினேன்.

காளியம்மா வந்து என் மணிக்கட்டைப் பிடித்து, கையை எதிர்ப்பக்கமாகத் திருப்பிவிட்டாள்.